சுத்தியலைக் கீழே வையுங்கள்

வேலை இருப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரில் ஒரு பாகம் கழல மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் நீதி ஏதும் இல்லை. மீதியெல்லாம் என் வயிற்றெரிச்சல். நேரம் இருப்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

போன மாதம் காலடிப்பேட்டையில் இருக்கும் என் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் கம்பெனி வண்டி ஷெட்டில், அவர் ஸ்டோர்ஸில். அவரிடம் 1982 மாடல் அம்பாசடர் ஒன்று இருக்கிறது. அவருடைய அப்பா வாங்கியது. அந்தக் காரில்தான் அவர் மனைவியைப் பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அந்தக் காரின் பின் சீட்டில் வைத்துத்தான் அப்பாவைக் கடைசியாக வீட்டுக்குக் கொண்டு வந்தார். அதை விற்கச் சொல்லி யாரும் அவரிடம் பேச முடியாது.

2020 ஊரடங்கில் ஓலைக் கொட்டகைக்குள் நிறுத்திய கார், நாலு வருஷம் கிளம்பவே இல்லை. கடல் அங்கிருந்து அரை மைல்கூட இருக்காது. வெளிநாட்டில் இருக்கும் மகன், "அப்பா, பாயிண்ட், கண்டன்சர் தொல்லையே வேணாம்" என்று ஒரு எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் வாங்கி அனுப்பியிருந்தான். அதைப் பூட்ட ஒரு மெக்கானிக் வந்திருந்தார். முப்பது வயசு இருக்கும். நான் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகும்போது பானட் திறந்திருந்தது. கையில் சுத்தி, உளி.

"இன்னாபா பண்றே?"

"டிஸ்ட்ரிபியூட்டர் ஜாம் ஆயிருக்கு சார். ரெண்டு தட்டு தட்டுனா வந்துரும்."

"தட்டாதப்பா. எண்ணெய் விட்டு ஊற வை. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு எனக்கு வேற வண்டி இருக்கு சார்."

மூன்றாவது தட்டில் சத்தம் மாறியது. இரும்பில் அடிக்கும்போது வருகிற 'ணங்' இல்லை. 'டக்' என்று ஒரு சத்தம். தொழில் தெரிந்தவனுக்கு அந்தச் சத்தம் போதும், பார்க்கவே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரின் கிண்ணம் விளிம்பிலிருந்து அடிக்கழுத்து வரை பிளந்துவிட்டது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் எங்களுக்குக் காபி கொண்டு வந்தார்.

சரி, இந்த டிஸ்ட்ரிபியூட்டர் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெட்ரோல் எஞ்சினில் காயில் உண்டாக்குகிற மின்சாரத்தை எந்த நேரத்தில் எந்த பிளக்குக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற பாகம் இது. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். நடுவில் நாலு முகம் கொண்ட ஒரு கேம். அது ஒவ்வொரு முறை தள்ளும்போதும் பாயிண்ட் திறக்கும், காயிலில் மின்னழுத்தம் எகிறும், மேலே சுற்றுகிற ரோட்டர் அதை வாங்கி 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கு பிரிக்கும். எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடினால் பாயிண்ட் 8,000 முறை திறந்து மூட வேண்டும். திறக்கிற இடைவெளியோ ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. நூறு வருஷத்துக்கு முன்பு கெட்டரிங் என்ற அமெரிக்கர் வகுத்த முறை இது. உலகத்தில் ஓடிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் இதை நம்பித்தான் ஓடின.

நம் பக்கத்துக்கு இதில் சொந்தமே உண்டு. 1949ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்ட ஆரம்பித்தது. அதன் எஞ்சின் வம்சத்தில் வந்ததுதான் பிற்பாடு அம்பாசடரில் உட்கார்ந்த 1489 சிசி எஞ்சின். 1955ல் அந்தக் கம்பெனி அசோக் லேலண்டு ஆகி டீசல் லாரிப் பக்கம் போய்விட்டது. டீசலுக்கு பிளக்கும் கிடையாது, டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது. திருவொற்றியூரிலிருந்து பல வருஷங்கள் வெளியே வந்த என்ஃபீல்டு புல்லட்டிலும் பாயிண்ட்டும் கண்டன்சரும்தான். 1961ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் பாடியில் இருக்கிறது. நம் ஊர்க் கார்களில் நாங்கள் பார்த்த டிஸ்ட்ரிபியூட்டரில் அந்தப் பெயர்தான் பொறித்திருக்கும். ஆக, நண்பர் வீட்டில் அன்றைக்குப் பிளந்தது எங்கிருந்தோ வந்த பொருள் அல்ல.

இனி சண்டைக்கு வருகிறேன். சுத்தியல் கட்சிக்காரர்கள் எப்போதும் மூன்று வாதம் வைப்பார்கள். ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாதம்: "துரு பிடிச்சிருக்கு, தட்டினால்தான் விடும்."

இரும்புக்குள் இரும்பு துருப்பிடித்து நிற்கிறது என்றால் அளவாகத் தட்டுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதிர்ச்சியில் துரு உதிரும், எண்ணெய் உள்ளே இறங்கும். ஆனால் இங்கே சிக்கியிருப்பது வேறு. டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் வார்ப்பு அலுமினியம். அது உட்கார்ந்திருக்கும் இடம் இரும்பு. இரண்டு வேறு உலோகம் ஒட்டி நின்று, நடுவில் உப்புக் காற்றின் ஈரமும் சேர்ந்தால் அதுவே ஒரு குட்டி பேட்டரி. அந்த பேட்டரியில் அரிக்கப்படுவது அலுமினியம். அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடி, அரிபட்ட அலுமினியத்தை விட அதிக இடம் கேட்கும். இடம் இல்லாத இடத்தில் இடம் கேட்டால் என்ன ஆகும்? ஆப்பு வைத்தது மாதிரி இறுகிவிடும். கோயமுத்தூர்க் காரில் பத்து வருஷத்தில் ஆகாதது, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் நிற்கிற காரில் மூன்றே வருஷத்தில் ஆகிவிடும். ஜன்னல் கம்பியை வருஷா வருஷம் சுரண்டி பெயிண்ட் அடிக்கிற நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா?

வார்ப்பு அலுமினியம் அடி வாங்கினால் வளையாது, பிளக்கும். வளைந்தாலாவது நிமிர்த்தலாம்.

இரண்டாவது வாதம்: "சூடு காட்டினால் வந்துடும்."

இது பாதி உண்மை, அதனால்தான் முழுப் பொய்யை விட ஆபத்து. அடுக்களையில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் இன்னொன்று மாட்டிக்கொண்டால் வீட்டில் என்ன செய்கிறார்கள்? வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து, உள் டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வெளியே இருப்பது விரிய வேண்டும், உள்ளே இருப்பது சுருங்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. இப்போது காருக்கு வாருங்கள். அலுமினியம், இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். உள்ளே இருப்பது அலுமினியம், வெளியே இருப்பது இரும்பு. டார்ச்சை எடுத்து மொத்தமாகச் சூடு காட்டினால் உள்ளே இருப்பது இன்னும் ஊதி இன்னும் இறுகும். இங்கே உதவி செய்வது சூடு அல்ல, சூடு ஆறுவது. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, ஆறும்போது எண்ணெய் விட வேண்டும். ஆறும்போது அலுமினியம் சுருங்குகிற மயிரிழை இடைவெளியில் எண்ணெய் இறங்கும். மறுநாளும் அதையே செய்ய வேண்டும். அதற்கு மறுநாளும்.

இதே டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் தட்டைக் கிண்ணத்தோடு பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவுக்குக் கணக்கு தலைகீழ். அங்கே உள்ளே இருப்பது எஃகு ஸ்க்ரூ, வெளியே இருப்பது அலுமினியம். அங்கே சூடு வேலை செய்யும். சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் இரண்டு நிமிஷம் வைத்தால் போதும். இதற்கு எதற்கு டார்ச்? எது உள்ளே, எது வெளியே என்று பார்க்காமல் சூடு காட்டுகிறவரும், பார்க்காமல் தட்டுகிறவரும் ஒரே கட்சிதான்.

மூன்றாவது வாதம்: "எப்படியும் குப்பைக்குப் போற பொருள்தானே சார். எலெக்ட்ரானிக் போடப் போறோம் இல்ல?"

இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஐயா, நீங்கள் வாங்கி வந்த கிட் எங்கே உட்காரப் போகிறது? அதே கிண்ணத்துக்குள்தான். கிட் மாற்றுவது பாயிண்ட்டையும் கண்டன்சரையும் மட்டும். கேம் மேல் ஒரு காந்த வளையம் உட்காரும், பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு மாட்யூல் உட்காரும். ஷாஃப்ட் பழசு, புஷ் பழசு, வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டித் தருகிற எடைக்கற்களும் ஸ்ப்ரிங்கும் பழசு, வாக்யூம் டப்பா பழசு. உடைத்தது குப்பையை அல்ல, புதுப் பொருள் குடியிருக்க வேண்டிய வீட்டை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேர் எலெக்ட்ரானிக் கிட் தேடுவதற்குக் காரணம், கார் இழுக்கவில்லை, பிக்கப் இல்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது என்பது. ரோட்டருக்கு அடியில் கேமின் தலையில் ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட வேண்டும். எத்தனை பேர் விட்டோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஃபெல்ட் காய்ந்தால் கேம் ஷாஃப்ட்டோடு இறுகிவிடும். இறுகினால் வேகத்துக்கு ஏற்ப டைமிங் முன்னே போகாது. கார் மேம்பாலம் ஏற மூச்சு வாங்கும். இந்த நோயோடு இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கிட்டைப் பூட்டினாலும் அந்தக் கேமை அது விடுவிக்காது. ரோட்டரைக் கையால் லேசாகத் திருகி விடுங்கள். ஸ்ப்ரிங் இழுத்துத் தானாகத் திரும்பி வந்தால் நல்லது. திருகவே முடியவில்லை என்றால் உங்கள் காருக்கு முதலில் தேவை கிட் அல்ல, எண்ணெய்.

நண்பர் காரில் அதுதான் நடந்திருந்தது. கிட்டைப் பூட்ட டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை, எஞ்சினில் இருக்கும்போதே பூட்டலாம். ஆனால் கேம் இறுகி நின்றதால் மேசையில் வைத்துத்தான் அதைச் சரி பண்ண முடியும். ஆகவே அந்த மெக்கானிக் கழற்ற நினைத்தது தப்பில்லை. கழற்றிய விதம்தான் தப்பு.

'பெரிசா பேசுறியே, எப்படித்தான் கழற்றுவது?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலில் ஒன்றாம் நம்பர் சிலிண்டரை மேலே கொண்டு வந்து, ரோட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கிண்ணத்தின் விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, நாலு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அடியில் ஒரு தட்டு இருக்கும். அதை எஞ்சினோடு பிடித்திருப்பது இரண்டு சின்ன போல்ட். தட்டுக்குள் கழுத்தை இறுக்குவது ஒரு பிஞ்ச் போல்ட். டைமிங் மாறாமல் எடுக்க வேண்டுமானால் பிஞ்ச் போல்ட்டைத் தொடாமல் அந்த இரண்டை மட்டும் கழற்ற வேண்டும். உடல் இறுகியிருந்தால் பிஞ்ச் போல்ட்டையும் தளர்த்தியாக வேண்டும். அதைத் தளர்த்தாமலே தட்டு தட்டென்று தட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் எண்ணெய். கடையில் விற்கிற டபிள்யூடி-40 மாதிரி எதுவானாலும் சரி. அந்தக் காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஆயில் கலந்து விட்டோம். கழுத்தைச் சுற்றி விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் மறுபடி. மூன்றாம் நாள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டும். மேலே இழுக்கக் கூடாது, திருக வேண்டும். இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அசைந்த இடத்தில் மறுபடி எண்ணெய்.

கேம் இறுகியிருந்தால் ஃபெல்ட்டை எடுத்துவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்தக் குழியில் மெல்லிய எண்ணெய் நிரப்பி வையுங்கள். இரண்டு ஸ்க்ரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்பாதீர்கள். நெம்பினால் கேம் வராது, கீழே இருக்கும் ஸ்ப்ரிங்கும் எடைக்கற்களும்தான் வளையும். ஸ்க்ரூக்கள் பழைய ஆங்கிலேய பி.ஏ. மரை. தொலைத்துவிட்டு ஹார்டுவேர் கடை மெட்ரிக் ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றினால் மரை போச்சு. அடியில் இருக்கும் டாக்கை எடுக்க வேண்டுமானால் அதன் குறுக்குப் பின்னின் முனை அடித்து விரித்திருக்கும். அதை அரத்தால் ராவிவிட்டுத்தான் பஞ்ச் வைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது முன்பு இருந்த பக்கமே இருக்க வேண்டும். அதன் பல் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். மாற்றிப் பூட்டினால் ரோட்டர் நேரெதிர்ப் பக்கம் பார்க்கும்.

இந்தப் பின் விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் செய்த தப்பு அது. 1977. எனக்கு 22 வயசு. ஷெட்டுக்கு வந்த கம்பெனி அம்பாசடரின் டிஸ்ட்ரிபியூட்டரில் டாக் தேய்ந்திருந்தது. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் முடித்துப் பேர் வாங்கலாம் என்று, விரித்த முனையை ராவாமல், அடியில் சரியாக முட்டும் கொடுக்காமல் பஞ்ச் வைத்து ஓங்கி அடித்தேன். பின் வந்தது. புது டாக் போட்டேன். பாயிண்ட் இடைவெளி வைக்கும்போது ஒரு முகத்தில் பதினைந்து வந்தது, எதிர் முகத்தில் பத்து வந்தது. நாலு தடவை பார்த்தேன். ஷாஃப்ட் வளைந்துவிட்டது.

மேஸ்திரி வந்தார், கையில் வாங்கி மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். திட்டவில்லை. "அடிக்கிறதுக்கு முன்னாடி எது புடிச்சிருக்குன்னு பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அதன் பிறகு ஒரு மாசம் எந்த வண்டியில் எது இறுகியிருந்தாலும் என்னைக் கூப்பிட்டு எண்ணெய் விடச் சொல்லுவார். மூன்று நாள், நாலு நாள், தினமும் போய் விட வேண்டும். வேறு எதையும் தொடக் கூடாது. அந்த ஒரு மாசத்தில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் 2013 வரை சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். 'எங்கள் காலம் போல வருமா' என்று நாலு பேர் தட்டிக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் அன்றைக்கு நண்பர் வீட்டில் அந்த மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுதாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை.

"ஊற வைன்னு சொல்றீங்களே சார், ஊற வச்சதுக்கு யார் காசு தருவா?"

கிட் பூட்ட அவர் கேட்டது ஆயிரம். நண்பர் எண்ணூறு என்றார். பேரம் முடிந்து எண்ணூறு. எண்ணெய் விட வந்து போகிற மூன்று நாளுக்குப் பெட்ரோல் செலவு அவருடையது. அதற்குள் வரவேண்டிய மற்ற வண்டிக்காரர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். என் மேஸ்திரி என்னை நாலு நாள் காத்திருக்க வைத்தார் என்றால், அந்த நாலு நாளும் எங்கள் இரண்டு பேருக்கும் மாசச் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது. பி.எஃப். பிடித்தார்கள், கேன்டீனில் சாப்பாடு போட்டார்கள். எங்கள் பொறுமைக்கு ஒரு கம்பெனி பணம் கட்டியது. இந்தப் பையனுடைய பொறுமைக்குப் பணம் கட்ட யார் இருக்கிறார்கள்?

யோசித்துப் பார்த்தால், நாம் எப்போதும் பாகத்துக்குப் பணம் கொடுக்கிறோம். புது காயில் என்றால் விலை கேட்காமல் எடுத்துக் கொடுப்போம். 'இந்தப் பாகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தேன், அதற்கு ஐந்நூறு' என்று மெக்கானிக் கேட்டால், 'ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் காசு?' என்போம். நானே கேட்டிருக்கிறேன். போன வருஷம் என் வீட்டு மோட்டார் பம்ப்பைச் சரி செய்ய வந்தவரிடம் இதே வாயால் கேட்டேன். அவரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இறுகிய நட்டை உடைக்காமல் கழற்றியவர்தான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

உடைத்தால் புதுப் பாகம் விற்கலாம், காப்பாற்றினால் கூலி கிடையாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மெக்கானிக்குகள் அல்ல, கார் வைத்திருக்கிற நாம். ஆகவே தலைப்பில் யாரைச் சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும். அதை அந்தப் பையன் கையில் கொடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். பழைய கார் வைத்திருக்க வேண்டும், ஆனால் காத்திருப்புக்குக் கூலி தர மாட்டேன் என்பவர் அந்தக் காரை விற்றுவிடுவது காருக்கு நல்லது.

நான் எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பழைய பியட்டில் நானே பூட்டியிருந்தேன். காலையில் ஒரே அடியில் கிளம்பும், பாயிண்ட் கருகுகிற தொல்லை இல்லை. ஒருநாள் பழவேற்காடு போய்விட்டுத் திரும்பும்போது மர நிழலில் நிறுத்திப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் சாவி ஆனில் இருந்தது. அரை மணி நேரத்தில் மாட்யூல் சூடாகிச் செத்துவிட்டது. தப்பு என்னுடையது, கிட்டினுடையது அல்ல. ஆனால் அந்த மாட்யூலை ரோட்டோரத்தில் யாரும் சரி செய்ய முடியாது. கழற்றிய பாயிண்ட் தட்டையும் கண்டன்சரையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்திருந்தேன். நாற்பது நிமிஷத்தில் பூட்டினேன். ஃபீலர் கேஜ் கொண்டு போக மறந்துவிட்டேன். மடித்த விசிட்டிங் கார்டை வைத்துக் குத்துமதிப்பாக இடைவெளி வைத்து வீடு வந்து சேர்ந்தேன். உடைக்காமல் கழற்றி வைத்ததால் வந்தேன். கழற்றிய பழசைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

நண்பர் கார் கதையை முடிக்கிறேன். பிளந்த டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினிலேயே நின்றது. அன்று மாலை நானே எண்ணெய் விட்டேன். மூன்றாம் நாள் கையால் திருகியதும் வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒட்டவைக்க முடியாது என்று இரண்டு வெல்டர்கள் சொல்லிவிட்டார்கள். புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று பிடித்தோம். உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பே 2014ல் நின்றுவிட்டது. நல்ல நிலையில் இருப்பது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. கிடைத்ததிலும் கேம் இறுகித்தான் இருந்தது. அந்த மெக்கானிக்கையே கூப்பிட்டோம். வர மாட்டார் என்று நண்பர் சொன்னார், வந்தார். ஐந்து நாள் வேலை, ஐந்து நாளும் வந்து போக வேண்டும், நாளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிக் கொடுத்தோம். என் வீட்டுத் திண்ணையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் எண்ணெய் ஊற்றி அதில் ஊறப் போட்டார். தினமும் காலையில் கடைக்குப் போகிற வழியில் வந்து ஒரு முறை திருகிப் பார்த்துவிட்டுப் போவார். திண்ணையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம் என்று வீட்டில் எனக்கு அர்ச்சனை.

நாலாம் நாள் கேம் அசைந்தது. அவர் என்னைக் கூப்பிடவில்லை. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டரை மாட்டி, கையால் திருகி, விட்டார். அது தானாகத் திரும்பி வந்தது. மறுபடி திருகி விட்டார். ஏழெட்டு முறை அதையே செய்துகொண்டிருந்தார்.

கிட் இப்போது அதில் உட்கார்ந்திருக்கிறது, கார் ஓடுகிறது. பழைய பாயிண்ட் தட்டு பிஸ்கட் டப்பாவில். ஃபெல்ட்டில் எண்ணெய் விட வேண்டிய தேதியை நண்பர் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒன்று நிற்கிறது என்றால் இன்றைக்கே கேப்பைத் திறந்து ரோட்டரைத் திருகிப் பாருங்கள். திரும்பி வரவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். அந்தப் பையனை அனுப்பி வைக்கிறேன். கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.